லைசென்ஸ் ஸ்டேட்டஸை நீங்களே பாருங்கள், அடுத்தவர் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீர்கள்

மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கம் டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கச் சொல்லி யாரிடமாவது பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இதை முழுதாகப் படியுங்கள்.

நான் மண்டபத்திலிருந்து குட்டி யானையில் மீன் லோடு அடிக்கிறவன். லைசென்ஸ் 2024 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது, கவனிக்காமல் விட்டது என் தப்புதான். 2025 ஜனவரியில் ராமநாதபுரத்தில் ஒரு ஆன்லைன் கடையில் கொடுத்தேன். 3,000 ரூபாய் கேட்டார். நாற்பது தாண்டியவர்களுக்கு டாக்டர் சான்றிதழ், அந்த 1ஏ படிவம், வேண்டுமே என்றேன். "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்ணே, நீங்க டாக்டர்கிட்ட போக வேணாம்" என்றார். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. என் பெயர் இருந்தது, போட்டோ இருந்தது, விண்ணப்ப எண் இருக்க வேண்டிய மேல்வரி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்: "கார்டு தபால்ல வரும்ணே." இப்போது கார்டு ஸ்பீடு போஸ்ட்டில்தான் வருகிறது என்பதால் நானும் நம்பினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், லோடு இல்லை, வண்டி வீட்டில் நின்றது, அதனால் நானும் விரட்டிக் கேட்கவில்லை.

தடை முடிந்து மூன்றாம் நாள், தேவிபட்டினம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிறுத்தினார்கள். பின்னால் ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது, போலீஸ்காரர் கையிலிருந்த மெஷினில் என் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எக்ஸ்பயரி ஆகி வருஷம் தாண்டிடுச்சே" என்கிறார். 5,000 ரூபாய் அபராதம். லைசென்ஸ் சரியாகும்வரை சாவியைக் கொடுத்துவிடு என்று வண்டி முதலாளியும் வாங்கிவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது, நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸில் அவர்தானே மாட்டுவார்.

அன்றைக்கே கடைக்குப் போய் உட்கார்ந்து, விண்ணப்ப எண் கொடுக்காமல் நகர மாட்டேன் என்று வாங்கினேன். பரிவாஹன் என்கிற அரசு இணையதளத்தில் தமிழ்நாடு என்று தேர்ந்து, விண்ணப்ப எண்ணும் பிறந்த தேதியும் போட்டால் போதும், ஒரு நிமிஷ வேலை, காசு கிடையாது. வந்தது என்ன தெரியுமா? கட்டணம் செலுத்தப்படவில்லை. ஜனவரியில் தொடங்கிய விண்ணப்பம் அப்படியே கிடக்கிறது, அரசுக் கட்டணமான அந்தச் சில நூறு ரூபாயைக்கூட அவர் கட்டவில்லை. மொபைல் எண் இருக்க வேண்டிய இடத்தில் தன் எண்ணைப் போட்டிருக்கிறார், அதனால்தான் எனக்கு ஒரு எஸ்எம்எஸ்ஸும் வரவில்லை.

இதில் பணத்தைவிடப் பெரிய அடி வேறு. லைசென்ஸ் முடிந்து ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்தால் டெஸ்ட் இல்லாமலே புதுப்பித்துவிடலாம், தாண்டினால் திரும்ப ஓட்டிக் காட்ட வேண்டும். ஜனவரியில் எனக்கு இன்னும் இரண்டு மாதம் கையில் இருந்தது. அதை இவர் தின்றுவிட்டார். சண்டை போட்டு 2,000 ரூபாய் திரும்பி வந்தது, மீதிக்கு இன்னும் நடக்கிறேன்.

ஆகவே கடையில் கொடுத்தாலும் சரி, உங்கள் மொபைல் எண்ணைத்தான் போடச் சொல்லுங்கள், ஓடிபி உங்கள் போனுக்கு வர வேண்டும். விண்ணப்ப எண்ணையும் பணம் கட்டிய ரசீதையும் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். அப்புறம், ஸ்டேட்டஸ் பார்க்க என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (போனில் ஆப் ஏற்றுகிற ஃபைல்) அனுப்பினால் தொடவே வேண்டாம், பேங்க் பணம் போய்விடும், அப்படிப் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள்.

இப்போது நானே விண்ணப்பித்து, டாக்டரை நேரில் பார்த்து சான்றிதழ் வாங்கி, டெஸ்டும் முடித்துவிட்டேன். ராமநாதபுரத்தில் ஜனவரி, பிப்ரவரியில் கடையில் கொடுத்துவிட்டு இன்னும் கார்டு வராதவர்கள் இன்றைக்கே பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் காலையில் மண்டபம் ஏலக் கூடத்துக்கு விண்ணப்ப எண்ணோடு வாங்க, என் போனிலேயே போட்டுக் காட்டுகிறேன்.