மாங்கன்றுச் சீட்டு முதல் க்யூஆர் அட்டை வரை: என் கடை லேமினேஷன் மெஷின் எப்படி?

போச்சம்பள்ளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். லேமினேஷன் மெஷின் வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது என்று பள்ளிக்கூட டீச்சர்கள், மாங்கன்று நர்சரிக்காரர்கள், புதிதாகக் கடை திறப்பவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. என்னிடம் ஓடுவது பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஏ3 மெஷின். நான்கு ரோலர், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு, ஹாட், கோல்ட் மாற்றும் சுவிட்ச், ரிவர்ஸ் சுவிட்ச், ரோலரைத் தளர்த்தும் நெம்புகோல். இதே அமைப்பில் பல கம்பெனிகள் விற்கின்றன. கம்பெனிப் பெயரைவிட இந்த ஐந்தும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நல்ல மெஷின், கடைக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் வேலை சுத்தமாக வருவது பாதி மெஷினால், பாதி உள்ளே போடுவதற்கு முன் நாம் செய்வதால்.

எனக்கு அதிகம் வரும் வேலை மாங்கன்றுச் சீட்டு. சந்தூர்ப் பக்கம் நர்சரிகள் நிறைய. ஒட்டுக்கன்றைப் பார்த்து இது செந்தூரா, இது பெங்களூரா, இது மல்கோவா என்று வாங்குபவரால் சொல்ல முடியாது. சீட்டுதான் ஆதாரம். அது நனைந்து எழுத்து போனால், காய் பிடிக்கும் வரை என்ன ரகம் என்று தெரியாது. தினமும் தண்ணீர் விழும் இடத்தில் இருக்கும் சீட்டு என்பதால் இதில் நான் ரொம்பக் கறாராக இருப்பேன்.

காகிதச் சீட்டுகளைத் தனித்தனியாக வெட்டி, ஏ3 பவுச்சுக்குள், அதாவது லேமினேஷன் போடும் பிளாஸ்டிக் உறைக்குள், ஒன்றுக்கொன்று ஒரு விரல் அகலம் இடம் விட்டு அடுக்க வேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கும் மேல் பக்கம் மட்டும், ஓட்டை போடுவதற்காக, கூடுதலாக ஒன்றரை சென்டிமீட்டர் விட வேண்டும். நகராமல் இருக்க ஒவ்வொன்றின் பின்னாலும் பசைக்குச்சியால் ஒரு பொட்டு வைத்தால் போதும். லேமினேட் ஆனபிறகு வெட்டும்போது காகிதத்தின் ஓரத்தோடு வெட்டிவிடக் கூடாது. சுற்றிலும் நான்கு, ஐந்து மில்லிமீட்டர் வெறும் பிளாஸ்டிக் நிற்க வேண்டும். மேலும் கீழும் உள்ள பிளாஸ்டிக் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது அந்த ஓரத்தில்தான். நூல் கட்ட ஓட்டை போடுவதும் மேலே விட்ட வெறும் பிளாஸ்டிக்கில்தான். ஓட்டை காகிதத்தைத் தொட்டால் தண்ணீர் அந்த வழியாக ஏறி, கொஞ்ச நாளில் சீட்டு முழுக்க ஊறிவிடும். அப்புறம் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மையான லேமினேஷன் மூலை கையைக் கிழிக்கும். பள்ளிக்கூட அட்டைகளுக்கு இது இன்னும் முக்கியம்.

எழுத்து கறுப்பு ஜெராக்ஸ் அல்லது லேசர் பிரிண்டாக இருக்கட்டும். இங்க்ஜெட் கலர் வெயிலில் வெளுத்துவிடும். இங்க்ஜெட்தான் வேண்டும் என்றால் மை நன்றாகக் காய்ந்தபிறகு போடுங்கள். ஈரம் உள்ளே மாட்டினால் ஆவியாகிக் குமிழ் கட்டும்.

சூடு விஷயத்துக்கு வருகிறேன். இந்த மெஷினில் எனக்குப் பிடிக்காத ஒன்று பச்சை விளக்கு. ரோலர் முழுக்க ஒரே சூடாகும் முன்பே எரிந்துவிடுகிறது. பச்சை வந்தபிறகும் இரண்டு மூன்று நிமிஷம் விட்டு, ஒரு வீண் சீட்டை ஓட்டிப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவேன். 125 மைக்ரான் தடிமனுள்ள பவுச்சுக்கு என் மெஷினில் 120 டிகிரி ஒட்டிய சூடு சரியாக வருகிறது. கறுப்பு எழுத்தின் மேல் வெள்ளையாகப் படர்ந்து மங்கலாகத் தெரிந்தால் சூடு போதவில்லை. இன்னொரு முறை உள்ளே விட்டால் தெளிந்துவிடும். அலை அலையாக நெளிந்தால் சூடு அதிகம், அதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே குறைந்த சூட்டிலிருந்து மேலே போவதுதான் நல்லது. தொடர்ந்து ஓட்டும்போது ரோலர் சூடு இறங்கும், நடுநடுவே கொஞ்சம் நிறுத்துங்கள்.

வெளியே வரும் பக்கத்தில் தட்டு குட்டையாக இருப்பது இன்னொரு குறை. ஏ3 ஷீட் சூடாக வந்து பாதியில் தொங்கினால் அந்த வளைவோடே இறுகிவிடும். நான் மெஷின் உயரத்துக்கு ஒரு பலகை வைத்திருக்கிறேன். வந்த ஷீட்டை அதன்மேல் ஏந்தி, உடனே கனமான ரிஜிஸ்டர் நோட்டுக்கு அடியில் வைத்தால் பலகைபோல நிமிர்ந்து நிற்கும்.

பவுச்சில் ஒட்டிய ஓரம், திறந்த ஓரம் என்று இரண்டு உண்டு. ஒட்டிய ஓரம்தான் முதலில் போக வேண்டும். திறந்த பக்கம் முன்னால் போனால் இரண்டு தாளும் பிரிந்து ஒன்று ரோலரில் சுற்றிக்கொள்ளும், பசையும் வெளியே வழியும். காலிப் பவுச்சை உள்ளே விடாதீர்கள். பின், ஸ்டேப்ளர் கம்பி எதுவும் காகிதத்தில் இருக்கக் கூடாது. சிக்கினால் ரிவர்ஸ் போடுங்கள், வராவிட்டால் நெம்புகோலைத் தளர்த்தி இரண்டு கையாலும் நேராக இழுங்கள். கத்தி, கத்தரி, ஸ்க்ரூ டிரைவர் எதையும் உள்ளே விடக் கூடாது. ரோலர் மேலிருக்கும் சிலிக்கோன் ரப்பரில் ஒரு கீறல் விழுந்தால் அதன்பின் வரும் ஒவ்வொரு ஷீட்டிலும் அந்தக் கோடு தெரியும். மூடியைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால் பிளக்கைப் பிடுங்கி, முழுக்க ஆறவிட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கரண்ட் போகும் ஊரில் இந்த நெம்புகோல் இல்லாத மெஷினை வாங்கவே கூடாது. ஷீட் பாதி போயிருக்கும்போது மோட்டார் நின்றுவிடும், ஆனால் ரோலர் சூடு அப்படியே இருக்கும். விட்டுவைத்தால் பவுச் உருகி ஒட்டிக்கொள்ளும். உடனே தளர்த்தி வெளியே இழுத்துவிட வேண்டும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யூபிஎஸ்ஸில் இதை மாட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சூடேற்றும் கம்பிச்சுருள் இழுக்கும் கரண்டை அது தாங்காது. எர்த் உள்ள மூன்று முள் சாக்கெட்டில் நேரடியாக மாட்டுங்கள்.

கடைக்கு உதவிக்கு வரும் பெண்ணுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது துப்பட்டாவைப் பின்னால் முடிவது. முந்தானை, தொங்கும் ஐடி கார்டுக் கயிறு, அவிழ்ந்த முடி, எல்லாவற்றையும் ரோலர் இழுக்கும். "அக்கா, மெதுவாத்தானே சுத்துது" என்றாள். மெதுவாகச் சுற்றினாலும் விடாது. வேலை முடிந்ததும் துணி போட்டு மூடக் கூடாது. என் மெஷினில் கோல்டுக்கு மாற்றினால் ரோலர் சுற்றிக்கொண்டே ஆறும். ஆறியபிறகுதான் ஆஃப், அதன்பின்தான் துணி போட்டு மூடுவது. பசை ஒட்டியிருந்தால் சூடாக இருக்கும்போதே ஒரு வெற்று அட்டையை இரண்டு முறை விட்டால் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

எதைப் போடக் கூடாது என்பதில் நான் வாடிக்கையாளரோடு வாதாடவும் தயங்குவதில்லை. எடைமேடைச் சீட்டு, ஏடிஎம் சீட்டு, பஸ் டிக்கெட் மாதிரியான தெர்மல் காகிதம் சூடு பட்டால் கறுத்துவிடும். மாம்பழச் சீசனில் லோடு ஏற்றிய எடைச்சீட்டை லேமினேட் கேட்டு வருவார்கள். "அண்ணா, முதல்ல ஜெராக்ஸ் எடுத்துக்கலாம், அதுக்கு லேமினேஷன் போட்டுத் தர்றேன்" என்பேன். கர்ப்பிணிகள் கொண்டுவரும் ஸ்கேன் படமும் பெரும்பாலும் தெர்மல்தான். குழந்தையின் முதல் படம் அது. ரோலருக்குள் போனால் மொத்தமும் கறுப்பாகிவிடும், திரும்பக் கிடைக்காது. பிளாஸ்டிக் கார்டுகள், அதாவது ஸ்மார்ட் ரேஷன் கார்டு போன்றவை, நெளிந்துபோகும். குழந்தைகள் மெழுகுக் கிரேயானில் வரைந்த படம் உருகிப் பரவும்.

ஒரிஜினல் மார்க் ஷீட், பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எதற்கும் நான் லேமினேஷன் போடுவதில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகும் பையன்களுக்கு ஒரிஜினலிலேயே முத்திரை குத்த வேண்டி வரும், பிளாஸ்டிக் மேல் குத்த முடியாது. உரித்து எடுக்கவும் வராது, காகிதமும் சேர்ந்து கிழியும். இருபது ரூபாய் வருமானத்துக்காக ஒருவருடைய சான்றிதழைக் கெடுக்கும் வேலையைக் கடைக்காரர்கள் யாரும் செய்யக் கூடாது.

பவுச் வாங்கும்போதும் கவனம் தேவை. 125 என்று அச்சடித்த பாக்கெட்டில் அதைவிட மெல்லிய பவுச் எனக்கு வந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரே அளவுள்ள பழைய பாக்கெட்டையும் புதியதையும் தராசில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். எடை குறைந்தால் திருப்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்காரர்கள் கேட்கும் க்யூஆர் அட்டைக்கு 250 மைக்ரான் போடுகிறேன், நிமிர்ந்து நிற்கும். வெயிலில் கடை போடுபவர்களுக்குப் பளபளப்பில்லாத மேட் பவுச். கண்ணாடிபோல மின்னினால் போன் கேமரா க்யூஆரைப் பிடிக்கத் திணறும்.

டீச்சர்களுக்கு ஏ4 மெஷினே போதும், 125 மைக்ரான் தாங்கினால் சரி. நர்சரிக்காரர்கள் சீட்டு மட்டும் போடுவதானால் தனி மெஷின் வேண்டாம், கடையில் கொடுப்பதே மலிவு. கடை வைப்பவர்கள் நான்கு ரோலர் ஏ3 வாங்குங்கள். வாங்கும் இடத்திலேயே பல்சக்கரமும் ரோலரும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, கையில் ஒரு ஷீட்டைக் கொடுத்து உங்கள் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.