சுங்கை சிப்புட் பிரேம் கடை, ரொம்ப திருப்தி

மக கூட பாரீஸ் போனப்ப செயிண்ட் செவெரின் பங்குக் கோயில்ல எடுத்த போட்டோவ பெருசா பிரிண்ட் போட்டு பிரேம் பண்ண நம்ம டவுன் கடையிலதான் குடுத்தேன். பீடத்துக்குப் பின்னால சுத்து நடை ரெட்டையா இருக்கும், 1489ல கட்ட ஆரம்பிச்சது, நடுவுல ஒரே ஒரு தூண் மட்டும் கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு மேல போய் கூரையில மட்டை மட்டையா விரியும், நம்ம தோட்டத்து செம்பனைக்கு கீழ நின்னு அண்ணாந்து பாக்குற மாதிரியே இருந்துச்சு எனக்கு, கண்ணு கலங்கிடுச்சு.

வாசல் பக்கம் முதல் மூணு பகுதி 13ஆம் நூற்றாண்டு, தூண் குட்டையா உருண்டையா இருக்கும், மத்தது 1448 தீக்கு அப்புறம் வந்தது. மணி 1412ல வார்த்தது!

கடைக்கார அண்ணன் அந்த முறுக்கு வெட்டுப்படாம ஓரத்த ரெண்டு தடவ சரி பண்ணி குடுத்தாரு, கல்லோட மங்கல் நிறம் கூட அப்படியே வந்திருக்கு. கண்ணாடிதான் லைட்டு பட்டா பளபளங்குது, மங்கல் கண்ணாடி கேட்டு வாங்குங்க. மூணு நாள்ல ரெடி.