நண்பர்கள் இருவர் தோண்டிய குழி

மேக் பார்னெட் எழுத, அவருடைய நண்பர் ஜான் கிளாசன் படம் வரைந்து 2014இல் வெளிவந்த 'சாம் அண்ட் டேவ் டிக் எ ஹோல்' என்னும் படப் புத்தகம், எழுதுபவரும் வரைபவரும் ஒருவரையொருவர் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்குத் தக்க சான்று. அற்புதமான ஏதோ ஒன்றைத் தேடித் தோண்டும் இரு சிறுவர்களும் ஒவ்வொரு முறையும் திசை மாறி, பக்கத்திலேயே புதைந்திருக்கும் பெரிய வைரத்தைத் தவறவிடுகிறார்கள். அந்த வைரத்தைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்கூட இல்லை, அதை அறிந்தவர்கள் படிக்கும் குழந்தையும் கதையில் வரும் நாயும் மட்டுமே. இவ்வளவு பெரிய செய்தியைச் சொல்லாமல் ஓவியரிடம் விட்டுவிடும் துணிவுக்கு அவர்களுடைய நட்பும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். முடிவில் ஆப்பிள் மரம் நின்ற இடத்தில் பேரி மரம் நிற்பதைக் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும்; பெரியவர்கள் முந்திக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான பக்கங்களில் மண்ணின் பழுப்பு நிறமே நிறைந்திருப்பதால் மிகச் சிறு பிள்ளைகளுக்குச் சற்றுச் சலிப்புத் தட்டலாம். நான்கு வயதைக் கடந்தவர்களுக்குத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம்.