ஆவாரம்பட்டைத் தோல் பை: சென்னையில் நான்கு மழைக்காலத்துக்குப் பிறகு

ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடித்த ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலில் செய்த தோள்பை இது. தினசரிப் பயன்பாடு. தையல் எங்கும் விடவில்லை, அடிமூலைகள் மட்டும் கறுத்திருக்கின்றன. வெளிர் மஞ்சளாக இருந்த தோல் இப்போது தேன் நிறம். குரோமிய உப்பில் பதனிட்டு, பிளாஸ்டிக் பூச்சு போட்ட குரோம் தோலில் இந்த அழகு வராது.

குறை ஒன்றுதான்: பூஞ்சை. ஐப்பசி அடைமழையில் காற்றில்லாத பீரோவுக்குள் வைத்தால் சில நாளிலேயே வெள்ளை படர்ந்துவிடும். ஆனால் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பூஞ்சை அல்ல. தோலுக்குள் இருக்கும் கொழுப்பு மேலே வந்து உறைந்தாலும் அப்படித்தான் தெரியும். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சில நொடி காட்டுங்கள். உருகி மறைந்தால் கொழுப்பு, துணியால் துடைத்தால் போதும். மறையாவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை. அதை வீட்டுக்குள் தட்டாதீர்கள், வித்துகள் பரவும். மொட்டைமாடியில் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, பிழிந்த துணியால் ஒற்ற வேண்டும். சாயம் இறங்குகிறதா என்று அடிப்பக்கம் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மின்விசிறிக் காற்றில் ஒரு நாள். நேர் வெயில் கூடவே கூடாது, தோல் விறைத்து வெடிக்கும்.

பலரும் கெடுப்பது எண்ணெயில்தான். தேங்காய் எண்ணெய் அப்போதைக்குப் பளபளக்கும், பிறகு சிக்குவாடை அடிக்கும், திட்டுத் திட்டாகக் கறுக்கும். தேன்மெழுகு கலந்த லெதர் கண்டிஷனர் போதும். இந்த அளவுப் பைக்கு ஒரு டீஸ்பூன், ஆண்டுக்கு இரண்டு முறை. எப்போது தேவை என்று அறிய, ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் வேண்டாம், உடனே உறிஞ்சினால் பூசலாம். பித்தளைக் கொக்கியைச் சுற்றிப் பச்சைப் பிசுக்கு சேர்ந்தால் எண்ணெய் கூடிவிட்டது என்று கொள்ளுங்கள். செம்பும் கொழுப்பு அமிலமும் சேர்ந்து உண்டாவது அது. பல்குச்சியால் சுரண்டி எடுத்துவிடலாம்.

பாலித்தீன் உறை வேண்டாம். பருத்தித் துணிப்பையில் போட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 50 கிராமோடு திறந்த அலமாரியில் வையுங்கள்.

மழையில் ஊறிவிட்டால் துண்டால் ஒற்றி, உள்ளே வெள்ளைத்தாளைத் திணித்து வடிவம் கெடாமல் நிழலில் உலர்த்துங்கள். செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும், அந்தக் கறை போகவே போகாது.