ஆயில் மாற்றியதும் கியர் இடிக்கிறதா? இசட்எஃப் 6ஹெச்பி பயன்பாட்டு அனுபவம்

இ90 (3 சீரிஸ்), இ60 (5 சீரிஸ்) தலைமுறை பிஎம்டபிள்யூக்களில் வரும் இசட்எஃப் 6ஹெச்பி என்ற 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு 'லைஃப்டைம் ஆயில்', அதாவது மாற்றவே வேண்டாம் என்ற பேச்சை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். அதைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது. மாற்றியபின் நன்றாக ஓடிய வண்டிகளே அதிகம். ஆனால் சில வண்டிகள் ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்ததுமே 'டொக்' என்று இடிக்க ஆரம்பிக்கும். உடனே 'கியர்பாக்ஸ் போச்சு' என்பார்கள். பெரும்பாலும் போயிருக்காது; ஆயில் லெவல்தான் தப்பு.

இதில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சி கிடையாது. பழைய ஆயிலை இறக்கும் முன்பே ஆயில் ஊற்றும் துளையை மூடியிருக்கும் பக்கவாட்டு ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பான் (கியர்பாக்ஸின் அடித்தட்டு) மாட்டியதும் அந்தத் துளை வழியே வழியும்வரை பம்ப் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஓடவிட்டபடியே மேலும் ஊற்ற வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி, பி-க்குத் திரும்ப வேண்டும். ஸ்கேன் டூலில் ஆயில் வெப்பம் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது மெல்லிய ஒழுக்கு சொட்டாகக் குறைந்தால் பிளக்கை மூடலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு லெவல் பார்த்தால் டார்க் கன்வெர்ட்டருக்கு (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் மூலம் இணைக்கும் பாகம்) போக வேண்டிய ஆயில் கணக்கில் வராது, லெவல் குறைந்துவிடும். கொதிக்கும் ஆயிலில் பார்த்தாலும் அதே கதைதான். சித்திரை வெயிலில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகும்போதே 40 டிகிரியைத் தொட்டிருக்கும். காலையில் ஆறிய வண்டியில் செய்வதே உத்தமம்.

குறைவாக இருந்தால் டி போட்டதும் ஒரு நொடி தாமதிக்கும், திருப்பத்தில் ஆர்பிஎம் எகிறும். அதிகமானால் நுரைத்து, அதுவும் ஸ்லிப் ஆகும்.

அடுத்து ஃபில்டர். பிளாஸ்டிக் பானும் ஃபில்டரும் ஒரே துண்டு. பழைய ஃபில்டர் கழுத்தின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மேலே கியர்பாக்ஸிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். விரல் விட்டுத் தடவிப் பார்க்காமல் புதியதை ஏற்றினால் பம்ப் காற்றை உறிஞ்சும், 'வீ' என்று சத்தம் வரும். பான் போல்ட்டுகள் 10 நியூட்டன் மீட்டர்தான், குறுக்காக இறுக்க வேண்டும்.

ஆயிலில் சிக்கனம் வேண்டாம். இசட்எஃப்பின் லைஃப்கார்டு 6 அல்லது ஷெல் எம்-1375.4 தரத்தில் இல்லாத ஏதோ 'ஆல் மேக்' ஆயில் போட்டால் கன்வெர்ட்டர் லாக் ஆகும்போது அதிர்வு வரும். பானை இறக்கினாலும் பாதி அளவு ஆயில்தான் வெளியே வரும். கன்வெர்ட்டரில் பழையது நிற்கும்.

லெவல் சரியான பிறகுதான் அடாப்டேஷன் ரீசெட், அதாவது கியர்பாக்ஸ் கற்றுவைத்த அளவுகளை அழிப்பது. பழைய கிளட்ச் பிடிப்புக்குப் பழகிய அழுத்த அளவுகளை கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் வைத்திருக்கும். நிற்கப் போகும்போது 2-லிருந்து 1-க்கு இறங்கும் இடிப்பு பல நேரம் இதனால்தான். ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடிக்கும் வித்தையை நம்பாமல், பிஎம்டபிள்யூவின் ஐஎஸ்டிஏ போன்ற டயக்னாஸ்டிக் டூலால் செய்து, சூடான ஆயிலுடன் மெதுவாக ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இடித்தால் மெக்கட்ரானிக்கை (வால்வுகளும் கம்ப்யூட்டரும் சேர்ந்த கட்டுப்பாட்டு யூனிட்) இறக்கி, அதற்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஆயில் போகும் வழியில் கெட்டிப்பட்ட பிரிட்ஜ் சீலையும் குழாய் சீல்களையும் மாற்றுவது அடுத்த வேலை. அப்போதே வயரிங் கனெக்டர் மாட்டும் ஸ்லீவையும் மாற்றிவிடலாம். வயதான வண்டிகளில் ஆயில் கசிவு பல நேரம் அங்கேதான் தொடங்கும். பானில் உள்ள காந்தத்தில் கருப்புப் பசை சகஜம், உலோகத் துணுக்குகள் இருந்தால் மட்டும் ரீசெட்டிலும் சீலிலும் காசு போட வேண்டாம்.