செம்மொழிப் பூங்காவா, நாகேஸ்வர ராவ் பூங்காவா?

சென்னையில் செடி கொடிகளைப் பார்க்க வேண்டுமென்றால் செம்மொழிப் பூங்காதான். அண்ணா மேம்பாலம் பக்கத்தில், 1962 முதல் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் நடந்த அதே இடத்தில், 2010-இல் திறந்தார்கள். வகைவகையான செடிகள், பெரிய மரங்கள், மலர்க் கண்காட்சி எல்லாம் உண்டு, ஆனால் டிக்கெட் எடுத்துத்தான் உள்ளே போக முடியும், அதனால் எப்போதாவது போகிற இடமாகவே அது இருக்கிறது.

மயிலாப்பூர் லஸ்ஸில் இருப்பது வேறு மாதிரி. அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர் தாங்கிய பூங்கா. காலையில் நடைப்பயிற்சி, ஒரு மூலையில் சதுரங்கம், அப்புறம் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மைக் இல்லாமல் சிறுவர்கள் பாடும் கர்நாடகக் கச்சேரி என்று அக்கம்பக்கத்து மக்களே அதை நடத்துவதுபோல இருக்கும். வெளியூர் விருந்தாளியை முதலாவதுக்குக் கூட்டிப் போகலாம், குடியிருக்க வீடு தேடினால் இரண்டாவதன் பக்கத்தில்தான் தேடுவேன்.