டர்பனில் பயோமெடிக்கல் எம்எஸ்சி: கோர்ஸ்வொர்க் வேண்டுமா, நேரே ஆய்வேடா?

டர்பனில் பயோமெடிக்கல் சயன்ஸ் எம்எஸ்சி முடித்துவிட்டேன், பட்டமும் கைக்கு வந்துவிட்டது. கணவரின் வேலைக்காகவோ மனைவியின் வேலைக்காகவோ தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து, கையில் ஒரு பி.எஸ்சியை வைத்துக்கொண்டு "அடுத்து என்ன படிக்கலாம்?" என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் படித்த பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அடிப்படை விதிகள் தென்னாப்பிரிக்கா முழுக்க ஒன்றுதான், அதனால் நீங்கள் எங்கே சேர்ந்தாலும் இது உதவும்.

முதலில் கணக்கு. இங்கே முதுகலைப் பட்டம் என்பது தேசியத் தகுதி வரிசையில் 9ஆம் நிலை. குறைந்தது 180 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு, ஆக 1,800 மணி நேரம். இந்த 180ஐ இரண்டு வழியில் முடிக்கலாம். மொத்தத்தையும் ஆய்வேடாகவே எழுதிவிடுவது ஒன்று; பாடங்களும் (இதைத்தான் கோர்ஸ்வொர்க் என்கிறார்கள்) சிறிய ஆய்வேடுமாகச் சேர்த்துப் படிப்பது இன்னொன்று. இரண்டாவதிலும் ஆய்வுக்குக் குறைந்தது 60 கிரெடிட் இருந்தே ஆக வேண்டும். நான் படித்த துறையில் பாடம் பாதி, ஆய்வு பாதி. இன்னொன்று, நம் ஊரில் எல்லாவற்றையும் தீசிஸ் என்போம், நான் பார்த்தவரை இங்கே மாஸ்டர்ஸுக்கு எழுதுவதை டிசர்டேஷன் என்கிறார்கள், தீசிஸ் என்றால் பிஎச்டிக்கு எழுதுவது. மெயில் எழுதும்போது இதை மாற்றி எழுதினால் எந்தப் படிப்புக்குக் கேட்கிறீர்கள் என்றே அவர்களுக்குக் குழப்பம் வரும்.

சேர்வதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இங்கே மூன்று வருட இளங்கலை 7ஆம் நிலை, அதன்பின் 8ஆம் நிலையில் ஆனர்ஸ் என்று 120 கிரெடிட்டுக்கு ஒரு வருடப் படிப்பு, அதற்குப் பிறகுதான் மாஸ்டர்ஸ். நம் சான்றிதழ்களை சாக்கா என்ற தகுதி ஆணையம் மதிப்பிட்டு எந்த நிலை என்று சொல்லும். என்னுடைய மூன்று வருட பயோகெமிஸ்ட்ரி பட்டத்துக்கு 7 என்று வந்தது, ஆக ஒரு வருடம் ஆனர்ஸ் படித்தேன். அன்றைக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் அந்த வருடத்தில்தான் பிப்பெட்டை ஒழுங்காகப் பிடிக்கவே கற்றுக்கொண்டேன் என்பதும் உண்மை. சாக்கா மதிப்பீட்டுக்கு நாளாகும். ஊரிலிருந்து கிளம்பும்போதே மார்க்‌ஷீட், டிரான்ஸ்கிரிப்ட் எல்லாம் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.

சரி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் சேர்ந்தபோது லேபில் மதுரைக்கார அக்கா ஒருவர் பிஎச்டி செய்துகொண்டிருந்தார். "கோர்ஸ்வொர்க் எதுக்கும்மா, பரீட்சை எழுதின காலமெல்லாம் முடிஞ்சு போச்சு, நேரா லேபுக்குள்ள போயிடு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் கேட்கவில்லை, கேட்காததே நல்லதாகப் போயிற்று. தமிழ்நாட்டில் மனப்பாடம் செய்து எழுதிப் பழகி வந்த என் போன்றவர்களுக்குப் பாடம் சேர்ந்த வழிதான் சரி என்று இப்போது தயக்கமில்லாமல் சொல்வேன். காரணம் ஒரே ஒரு பாடம், உயிர்ப்புள்ளியியல்.

அந்த வகுப்பில் நடந்ததைச் சொன்னால்தான் புரியும். எம்டிடி என்று ஒரு சோதனை இருக்கிறது, செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு. 96 குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டில் செல்களை வளர்த்து, மஞ்சள் நிறக் கரைசலை ஊற்றி வைத்தால் உயிருள்ள செல்கள் அதை ஊதாப் படிகமாக மாற்றிவிடும். அந்தப் படிகத்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து 570 நானோமீட்டரில் அளக்க வேண்டும். ஊதா அடர்த்தியாக இருந்தால் செல்கள் நிறைய உயிரோடிருக்கின்றன, வெளிறி இருந்தால் செத்துவிட்டன. ஆனர்ஸில் நான் இதை மூன்று மூன்று குழிகளாகச் செய்து, சராசரி போட்டு, "n = 3", அதாவது மூன்று பரிசோதனை என்று எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். பேராசிரியர் அதே மாதிரி ஒரு தட்டின் படத்தைத் திரையில் காட்டி, இங்கே எத்தனை பரிசோதனை நடந்திருக்கிறது என்று கேட்டார். மூன்று என்றோம். ஒன்று என்றார்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வது இதேதான். ஒரே பானையிலிருந்து மூன்று பருக்கை எடுத்து நசுக்கிப் பார்த்தாலும் தெரிவது அந்தப் பானையைப் பற்றி மட்டும்தான். மூன்று நாள், மூன்று முறை தனித்தனியாக உலை வைத்தால்தான் அது மூன்று. அதாவது செல்களைத் தனித்தனியாக வளர்த்து, மருந்தைப் புதிதாகக் கலந்து, வேறு வேறு நாளில் மூன்று தட்டு செய்ய வேண்டும். இது எனக்கு முதல் செமஸ்டரிலேயே தெரிந்துவிட்டது. நேரே லேபுக்குப் போன என் ஆனர்ஸ் வகுப்புத் தோழி ஒருத்திக்கு எல்லா வரைபடமும் வரைந்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அவள் ஏழு மாத வேலையைத் திரும்பச் செய்தாள். மற்ற பாடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆய்வு முறையியல் பரவாயில்லை, நோய் எதிர்ப்பியல் நம் ஊர் எம்எஸ்சி அளவுக்குத்தான் இருந்தது, மூலக்கூறு உத்திகள் பாதி ஆனர்ஸிலேயே படித்தது. வாராவாரம் ஒரு ஆய்வுக் கட்டுரையை எடுத்து எல்லோர் முன்னாலும் பிரித்து மேயும் ஜர்னல் கிளப் மட்டும் மிக நன்றாக இருந்தது. கட்டுரை அச்சில் வந்துவிட்டாலே சரியாக இருக்கும் என்ற எண்ணம் அங்கேதான் போனது.

என் ஆய்வு எதைப் பற்றி என்று சொல்லிவிடுகிறேன், பிறகு வருவது அதைச் சார்ந்தது. நாங்கள் சாட்ஸ்வர்த்தில் ஒரு ஆயா வீட்டு மாடியில் குடியிருந்தோம். அவருடைய தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். ஆடி பிறந்தால் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுவார், இங்கே அதை மக்காச்சோள மாவில்தான் காய்ச்சுகிறார்கள், புளிக்க வைத்து, பெரிய பாத்திரத்தில். சோளத்தில் வரும் ஃபியூசேரியம் பூஞ்சையின் நச்சுதான் என் தலைப்பு: ஃபியூமோனிசின் பி1. 1988இல் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள்தான் அதை முதலில் பிரித்தெடுத்தார்கள். நம் செல்களில் செரமைடு என்ற கொழுப்பைச் செய்யும் நொதியை அது முடக்கிவிடும், குதிரைக்கு மூளையையும் பன்றிக்கு நுரையீரலையும் பாதிக்கும், மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியதாக இருக்கலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கும் 2பி பட்டியலில் இருக்கிறது. கல்லீரல் செல்களில் அது என்ன செய்கிறது என்று பார்த்தேன்.

இனி குறைகள். முதல் குறை, நெறிமுறைக் குழுவின் அனுமதி. 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டப்படி மனிதரை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் பதிவு பெற்ற குழுவின் ஒப்புதல் வேண்டும். அது நியாயமானது, இந்த நாட்டின் வரலாறு தெரிந்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். நான் செல்களோடு, தன்னார்வலர்களின் ரத்தத்தையும் எடுப்பதாகத் திட்டமிட்டிருந்தேன். விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது. ஒரு முறை, ஒப்புதல் படிவம் ஸூலு மொழியில் இல்லை என்று. அது என் தவறு, படிக்கத் தெரியாத மொழியில் ஒருவரிடம் கையெழுத்து வாங்குவது தப்பு. மற்ற இரண்டு முறையும் ஒரு பக்கத்தில் பதிப்பு எண் விட்டுப்போனது, தேதி பழையது என்பதற்காக. அதை முதல் தடவையே சேர்த்துச் சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். மொத்தம் ஐந்து மாதம் போனது, அந்த ஐந்து மாதத்துக்கும் கட்டணம் கட்டினோம். கோர்ஸ்வொர்க் வழியில் சேர்ந்ததால் அந்த மாதங்களில் எனக்குப் படிக்கப் பாடமாவது இருந்தது, வெறும் ஆய்வேடு எடுத்திருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் சேர்ந்த முதல் வாரமே படிவத்தை வாங்கிவிடுங்கள். கடையில் வாங்கும் செல் வரிசை (லேபில் தொடர்ந்து வளர்க்கும் ஒரே வகைச் செல்கள்) மட்டும்தான் என்றாலும், அனுமதி தேவையில்லை என்று குழு தரும் விலக்குக் கடிதம் தேவையா என்று கேளுங்கள், எங்கள் துறையில் அதுவும் வேண்டும்.

இரண்டாவது மின்சாரம். ஸ்டேஜ் 6 லோட்ஷெடிங் நடந்த காலம், ஒரு நாளைக்குப் பல முறை கரண்ட் போகும். எங்கள் கட்டடத்தில் ஜெனரேட்டர் இருந்தது, ஒரு சனிக்கிழமை இரவு அது ஓடவில்லை, யாருக்கும் தகவலும் வரவில்லை. திங்கட்கிழமை காலை இன்குபேட்டரைத் திறந்தால் 37 டிகிரியில் இருக்க வேண்டியது ஆறிப் போயிருக்கிறது, செல்கள் தட்டிலிருந்து பெயர்ந்து மிதக்கின்றன. நல்லவேளை, லிக்விட் நைட்ரஜனில் கொஞ்சம் வைத்திருந்தோம், மைனஸ் 196 டிகிரி, அதற்குக் கரண்ட் வேண்டாம். சின்ன குப்பியை வெந்நீர்த் தொட்டியில் பிடித்து மெல்லச் சுழற்றி, உள்ளே பட்டாணி அளவு ஐஸ் மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்து, சொட்டுச் சொட்டாகப் புது ஊடகம் சேர்க்க வேண்டும், அவசரப்பட்டால் செல் செத்துவிடும். அன்று கை நடுங்கியது. பிழைத்துக்கொண்டன. சேரும் முன் லேபைப் பார்க்கப் போனால், கரண்ட் போனால் யாருக்கு அலாரம் அடிக்கும் என்று கேளுங்கள், தயவுசெய்து கேளுங்கள்.

வழிகாட்டியைப் பற்றி எனக்குக் குறை இல்லை. எழுதிக் கொடுத்த அத்தியாயம் பத்து நாளில் திருத்தத்தோடு திரும்பி வரும், ஓரமெல்லாம் கேள்வியாக இருக்கும். இந்தப் பட்டத்துக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன் என்றால் அதில் இரண்டு அவருக்கு. விண்ணப்பிக்கும் முன்பே வழிகாட்டியைப் பிடித்துவிட வேண்டும், அவர்களுடைய சமீபத்திய இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு எழுதுங்கள், அவரிடம் படித்து முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று நேராகக் கேளுங்கள், நல்ல வழிகாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. இந்த எம்எஸ்சி படித்தால் ஆஸ்பத்திரி லேபில் நோயாளியின் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடலாம் என்று நினைத்து வராதீர்கள். அதற்கு எச்பிசிஎஸ்ஏ என்ற கவுன்சிலில் பதிவு வேண்டும், அது வேறு படிப்பு, வேறு பயிற்சி. ஆராய்ச்சி, பிஎச்டி, மருந்துக் கம்பெனி என்று போவதாக இருந்தால் இது சரி. காசநோயும் எச்ஐவியும் பற்றி உலகத் தரத்தில் ஆய்வு நடக்கும் ஊர் இது, காப்ரிசா என்ற எய்ட்ஸ் ஆய்வு மையம் இங்கேதான் இருக்கிறது, பெரிய கருத்தரங்குகளில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டாலே நிறையக் கற்கலாம்.

கடைசியாகத் தேர்வு முறை. நம் ஊர் மாதிரி வைவா எங்களுக்கு இல்லை. ஆய்வேட்டை வெளித் தேர்வாளர்களுக்கு அனுப்புகிறார்கள், அவர்கள் எழுத்தில் அறிக்கை தருகிறார்கள், அப்படியே தேர்ச்சி, திருத்தத்தோடு தேர்ச்சி, மறுபடி எழுது, தோல்வி என்று ஏதாவது ஒன்று வரும். எனக்கு நான்கு மாதம் கழித்துத் திருத்தத்தோடு தேர்ச்சி வந்தது. எழுத்துப் பிழை, மேற்கோள் பிழை எல்லாம் ஒரு நாள் வேலை. ஒரு கேள்வி மட்டும் மூன்று வாரம் பிடித்தது: தட்டில் செல்களுக்கு நீ கொடுத்த அளவுக்கும் ஒரு மனிதர் உண்மையில் சாப்பிடும் அளவுக்கும் என்ன தொடர்பு?

இதே கேள்வியை ஆயா ஒரு வருடம் முன்பே கேட்டிருந்தார். கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, "ஏன் கண்ணு, நீ படிக்கிற அந்த விஷம் என் கஞ்சியில எவ்ளோ இருக்கும்?" என்று. அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். திருத்தத்துக்காக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 2 மைக்ரோகிராம் என்பது சர்வதேச நிபுணர் குழு வைத்த வரம்பு. 60 கிலோ இருக்கும் ஆயாவுக்கு 120. சோள மாவில் கிலோவுக்கு 2,000 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்த நாட்டு விதி. அந்த உச்ச அளவுள்ள மாவாக இருந்தால் 60 கிராமிலேயே வரம்பு வந்துவிடும். கடையில் வாங்கும் மாவில் பெரும்பாலும் அவ்வளவு இருக்காது, ஆனால் வீட்டுத் தோட்டத்துச் சோளத்தைத் தாமே அரைப்பவர்கள் பூஞ்சை பிடித்த மணியைப் பொறுக்கி எறிய வேண்டும். இதை ஒரு பக்கம் எழுதி ஆய்வேட்டில் சேர்த்தேன். ஆயாவிடமும் போய்ச் சொன்னேன், அவர் முறத்தை எடுத்து வந்து, எப்படி இருக்கும் காட்டு என்றார்.